ஷேக்ஸ்பியரில் உங்களுக்குப் பிடித்த நாடகம் எது? (ஹாம்லெட், மேக்பத் இரண்டும் வேண்டாம்)

தேரடி வாசகன்:

தலைப்பிலேயே நிபந்தனை போட்டதற்குக் கோபப்பட வேண்டாம். இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் ஹாம்லெட் என்பார்கள், இல்லையென்றால் மேக்பத் என்பார்கள். இரண்டும் பெரிய நாடகங்கள்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த மனுஷன் முப்பத்தேழு, முப்பத்தெட்டு நாடகம் எழுதி வைத்திருக்கிறார். மற்றதையும் கொஞ்சம் பேசலாமே.

என் ஓட்டு 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்துக்கு. கதைச்சுருக்கம் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ராஜா நோயில் கிடக்கிறார், கலகம் ஒன்று அடங்குகிறது, இளவரசன் முடி சூட்டிக்கொண்டதும் பழைய குடிகார நண்பன் ஃபால்ஸ்டாஃபைக் கைகழுவி விடுகிறான். எனக்கு முக்கியம் இதெல்லாம் இல்லை. மூன்றாம் அங்கத்தில் குளோஸ்டர்ஷயர் கிராமத்தில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருக்கும் காட்சி. ஷாலோ, சைலன்ஸ் என்று பெயர். இருவரும் உள்ளூர் நீதிபதிகள். ஷாலோ தன் இளவயது ஆட்டங்களை அளந்து விடுகிறார். அப்புறம் பேச்சு இப்படிப் போகிறது (என் தமிழில், கொஞ்சம் சுருக்கி):

"நமக்குத் தெரிஞ்ச எத்தனை பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க!"

"நாமும் போக வேண்டியதுதானே."

"நிச்சயம், நிச்சயம். சாவு எல்லாருக்கும் உண்டு, வேதத்திலேயே சொல்லியிருக்கு. ஸ்டாம்ஃபோர்டு சந்தையில நல்ல ஜோடி மாடு என்ன விலை போகுது?"

"நான் சந்தைக்குப் போகலீங்க."

"சாவு நிச்சயம். உங்க ஊர் டபிள் கிழவர் இருக்காரா?"

"செத்துட்டாருங்க."

"ஐயோ, செத்துட்டாரா! என்னமா வில் வளைப்பார்! செத்துட்டாரா! இப்போ இருபது ஆடு என்ன விலை?"

"ஆட்டைப் பொறுத்ததுங்க. நல்ல ஆடா இருந்தா இருபதும் பத்து பவுண்டு வரும்."

"அப்போ டபிள் செத்துட்டாரா..."

துஷ்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெல் விலை பேசுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றும் இல்லை. சாவைப் பற்றி ஹாம்லெட் பேசுவதெல்லாம் பிரமாதம்தான். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, ஆட்டு விலையைக் கேட்டு முடித்த பிறகுதான் கிழவருக்கு டபிள் செத்தது உள்ளே இறங்குகிறது. அதை எழுத வேறு மாதிரி காது வேண்டும்.

இதே நாடகத்தில் ஷாலோவின் வேலைக்காரன் டேவி ஒரு சிபாரிசுக்கு வருவான். வழக்கில் மாட்டிய தன் நண்பனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வேண்டும். "அவன் அயோக்கியன் ஆச்சே" என்கிறார் ஷாலோ. "அயோக்கியன்தான் ஐயா, ஒத்துக்கிறேன். யோக்கியன் தனக்காகத் தானே பேசிக்குவான். அயோக்கியனுக்குத்தானே சிபாரிசு வேணும்?" என்கிறான் டேவி. காரியமும் நடந்துவிடுகிறது.

உங்களுடையது எது? ஏன் என்றும் சொல்லுங்கள். 'மானுட அவலத்தை ஆழமாகச் சித்திரிக்கிறது' வகைப் பதில்கள் வேண்டாம்.

கரிசல்காட்டுக்காரி:

நல்ல இழை அண்ணா. ஆனால் இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் மிச்சம் என்பது என் கட்சி. முதல் பாகத்தில்தான் அந்த முன்கோபக்காரக் கலகக்காரன் ஹாட்ஸ்பர் இருக்கிறான், மதுக்கடையில் போடும் அந்த விளையாட்டு நாடகம் இருக்கிறது. இளவரசன் தன் அப்பா வேஷம் போட, ஃபால்ஸ்டாஃப் இளவரசனாக நடித்துத் தனக்காகவே வாதாடுவார். யாரை வேண்டுமானாலும் துரத்துங்கள், இந்தக் குண்டு ஜாக்கை (தன்னைத்தான் சொல்கிறார்) துரத்தினால் உலகத்தையே துரத்தியது போல என்பார். அதற்கு இளவரசன் சொல்வது இரண்டே துண்டு: "துரத்துகிறேன். துரத்துவேன்." முதல் துண்டை அப்பா வேஷத்தில் சொல்கிறான், இரண்டாவதைத் தானாகவே சொல்கிறான். இரண்டாம் பாகத்தின் முடிவு முழுவதும் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொரு பாகம்?

தேரடி வாசகன்:

முடிவு தெரிந்த பிறகும் ஐந்து அங்கம் காத்திருக்க வைக்கிறார் பாருங்கள், அதற்குத்தான் இரண்டாம் பாகம். ஹாட்ஸ்பர் விஷயத்தில் சரணடைகிறேன், அவனுக்கு ஈடாக இதில் யாரும் இல்லை.

மேடைக்கு இடப்பக்கம்:

நாடகக் குழுவில் விளக்கு, சாமான், திரை என்று பின்வேலை பார்க்கிறவன் நான். அதனால் என் பார்வை கொஞ்சம் ஓரத்திலிருந்து இருக்கும்.

என் நாடகம் 'கிங் லியர்'. லியருக்காக இல்லை, பெயர்கூட இல்லாத ஒரு வேலைக்காரனுக்காக.

மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. கிழவர் குளோஸ்டரை நாற்காலியில் கட்டி, கார்ன்வால் பிரபு அவருடைய ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். "இன்னொன்றையும்" என்கிறாள் மனைவி ரீகன். அந்த வீட்டில் பிரபுவை எதிர்க்க யாருக்கும் தைரியம் கிடையாது. அப்போது பிரபுவின் சொந்த ஆள் ஒருவன் முன்னே வருகிறான். "கையை நிறுத்துங்கள். சின்ன வயதிலிருந்து உங்களிடம் வேலை செய்கிறேன். இப்போது நிறுத்தச் சொல்வதைவிட நல்ல வேலை நான் உங்களுக்குச் செய்ததில்லை" என்கிறான். கத்தி உருவுகிறார்கள். பிரபுவுக்குச் சாகிற அளவுக்குக் காயம். ரீகன் ஒரு வாளை வாங்கி வேலைக்காரனைப் பின்னாலிருந்து குத்துகிறாள். அவன் பேசியது மொத்தம் சில வரிகள்தான். ராஜாக்களும் பிரபுக்களும் நிறைந்த நாடகத்தில் அநியாயத்தை நேருக்கு நேர் தடுத்தவன் இவன் ஒருவன்தான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. லியருக்கு இரண்டு அச்சு வடிவம் இருக்கிறது. 1608ல் வந்த சின்னப் புத்தகம் ஒன்று, அவர் இறந்த பிறகு 1623ல் வந்த பெரிய தொகுப்பு ஒன்று. முதலாவதில் இருக்கும் ஏறக்குறைய 300 வரிகள் இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் 100 வரி போலப் புதிது. 1608 வடிவத்தில், எல்லாரும் போன பிறகு இன்னும் இரண்டு வேலைக்காரர்கள் மேடையில் நிற்கிறார்கள். ஒருவன் சொல்கிறான்: "கொஞ்சம் பஞ்சும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டு வந்து இவர் முகத்தில் போடுகிறேன், ரத்தம் வழிகிறது." 1623 வடிவத்தில் இந்தப் பேச்சு முழுக்க இல்லை. கண் போன கிழவரை வெளியே தள்ளுவதோடு காட்சி முடிகிறது.

முட்டை வெள்ளைக்கரு இருந்தால் அது ஒரு நாடகம். இல்லையென்றால் வேறு நாடகம். 1962ல் பீட்டர் புரூக் இதை மேடையேற்றியபோது (லியராக நடித்தது பால் ஸ்கோஃபீல்ட்) அந்த வரிகளை வேண்டுமென்றே வெட்டினார். வேலைக்காரர்கள் குளோஸ்டரை இடித்துக்கொண்டு மேடையைக் காலி செய்ய, அரங்கத்தின் விளக்குகளை அப்போதே ஏற்றிவிட்டார். ஜனங்கள் இடைவேளைக்கு எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எதிரே ஒரு குருட்டுக் கிழவர் தடவிக்கொண்டு போகிறார். விளக்கு வேலை பார்க்கிறவனாகச் சொல்கிறேன், அது அபாரமான யோசனை. நாடகம் பிடித்தவனாகக் கேட்டால் எனக்கு அந்த முட்டை வேண்டும்.

சும்மா வந்தவன்:

எல்லாரும் மெய்மறந்து பேசுகிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். வெள்ளைக்காரன் பாடத்திட்டத்தில் வைத்துப் போனதால்தானே இவரை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறோம்? கல்லூரியில் எங்களுக்கு 'ஜூலியஸ் சீசர்'. வாத்தியார் நோட்ஸ் எழுதிப் போடுவார், நாங்கள் மனப்பாடம் செய்வோம். அந்தோணியின் பிரசங்கத்தை இப்போதும் ஒப்பிப்பேன், ஒரு வரிகூடப் பிடித்ததில்லை. கதையும் அவருடையது இல்லை, எல்லாம் வேறு யாரோ எழுதியதை எடுத்துப் போட்டது. அப்புறம் என்ன உலகமகா மேதை?

தேரடி வாசகன்:

கதை அவருடையது இல்லை என்பது சரிதான். சீசர் கதை புளூட்டார்க்கிடமிருந்து வந்தது, லியர் கதை பழைய நாடகமாகவே மேடையில் இருந்தது. அதனால்தான் கதைச்சுருக்கமாகப் படித்தால் இவரிடம் ஒன்றுமே தேறாது. நம் தலைமுறையில் பலருக்கும் ஷேக்ஸ்பியர் வந்து சேர்ந்தது சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும் 1807ல் குழந்தைகளுக்காக எழுதிய கதைகள் வழியாக. அதில் இருப்பது 20 நாடகங்கள். இங்கிலாந்து ராஜாக்களின் சரித்திர நாடகம் ஒன்றுகூட இல்லை, ஆகவே ஃபால்ஸ்டாஃபும் இல்லை, ஷாலோவும் இல்லை. 'ட்வெல்ஃப்த் நைட்' இருக்கிறது, ஆனால் அதில் வரும் கர்வம் பிடித்த காரியஸ்தன் மால்வோலியோ இல்லை! லியர் இருக்கிறது, குளோஸ்டரின் கண்ணைப் பிடுங்குவது இல்லை, அதனால் அந்த வேலைக்காரனும் இல்லை. இந்த இழையில் இதுவரை நாம் பேசியது எல்லாமே அவர்கள் விட்டுவிட்ட பகுதிகள்தான். நமக்குப் பரிமாறியது சக்கை. அது ருசிக்கவில்லை என்றால் குற்றம் உங்களுடையது இல்லை.

பாடத்திட்டம் விஷயத்துக்கு ஒரு எதிர் உதாரணம். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சோனி வெங்கடரத்தினம் என்ற இந்திய வம்சாவளிக் கைதியிடம் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடக் கூடாதென்று அட்டையில் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, இது எங்கள் வேதப் புத்தகம் என்று சொல்லி வைத்துக்கொண்டார். அது கைதிகளிடையே கைமாறியது. அவரவருக்குப் பிடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வால்டர் சிசுலு கையெழுத்திட்டது 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தில் ஷைலக் பேசும் இடத்தில். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று கையெழுத்திட்டது, உங்களுக்குப் பிடிக்காத அதே ஜூலியஸ் சீசரில். கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள், வீரன் ஒருமுறைதான் சாவை ருசிக்கிறான் என்ற இடம். அவருக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த சீசர் வசனத்தை எழுதுவதற்கு ஓரிரு வருஷம் முன்பே இதே எண்ணத்தை அவர் வேறொரு ஆள் வாயில் வைத்துவிட்டார். நான் சொன்ன அதே குளோஸ்டர்ஷயர் காட்சியில் ஃபால்ஸ்டாஃப் போருக்கு ஆள் எடுக்க வருகிறார். ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். திடகாத்திரமான இருவர் மூன்று பவுண்டு லஞ்சம் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். அகப்பட்டவர்களில் ஒருவன் ஃபீபிள், பெண்களுக்கு உடை தைக்கும் தையல்காரன். எல்லாரும் அவனைக் கிண்டல் செய்கிறார்கள். அவன் சொல்கிறான்: "மனுஷன் ஒரு தடவைதான் சாக முடியும். கடவுளுக்கு ஒரு சாவு கடன்பட்டிருக்கோம். இந்த வருஷம் செத்தவனுக்கு அடுத்த வருஷம் பாக்கி இல்லை." சீசர் சொன்னால் கல்வெட்டில் வெட்டுகிறோம். லேடீஸ் டெய்லர் சொன்னதை யாரும் பரீட்சையில் கேட்பதில்லை.

சும்மா வந்தவன்:

டெய்லர் மேட்டர் நன்றாக இருக்கிறது. அந்தக் காட்சியை மட்டும் படித்துப் பார்க்கிறேன். முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

மாடி வீட்டு மல்லிகை:

எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே நாடகம்தான். 'தி வின்டர்ஸ் டேல்'.

சிசிலி ராஜா லியோன்டிஸ் நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி ஹெர்மையனியைத் தன் நண்பனோடு சந்தேகப்படுகிறான். ஒதெல்லோவுக்காவது காதில் விஷம் ஊற்ற இயாகோ தேவைப்பட்டான். இவனுக்கு யாரும் தேவைப்படவில்லை, அவள் நண்பனிடம் சிரித்துப் பேசியதே போதும். சிறையில் பிறந்த பெண் குழந்தையைக் காட்டில் விடச் சொல்கிறான். அவளை நீதிமன்றத்தில் நிறுத்துகிறான். அவள் குற்றமற்றவள் என்று தெய்வவாக்கு வருகிறது, அதையும் பொய் என்கிறான். உடனே சின்ன மகன் மாமில்லியஸ் ஏக்கத்தில் இறந்துவிட்டான் என்று செய்தி. அவள் மயங்கி விழுகிறாள், செத்துவிட்டாள் என்கிறார்கள். இதெல்லாம் நாடகத்தின் பாதிக்குள்ளேயே.

அப்புறம் 16 வருஷம் கழித்துக் கதை தொடர்கிறது. காட்டில் விட்ட பெண் கிடைக்கிறாள். பாலினா என்ற தோழி ராஜாவைக் கூட்டிக்கொண்டு போய் ஹெர்மையனியின் சிலை ஒன்றைக் காட்டுகிறாள். ராஜா பார்த்துவிட்டு என்ன சொல்கிறான் தெரியுமா? "ஹெர்மையனிக்கு இவ்வளவு சுருக்கம் இருக்காதே." பதினாறு வருஷம் அழுது தவம் இருந்தவன், சிலையைப் பார்த்ததும் முதலில் கண்ணில் படுவது முகச்சுருக்கம்! எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வரும். ஆனால் சிலை இறங்கி வந்து அவன் கையைத் தொடும்போது, "ஐயோ, சூடாக இருக்கிறாளே" என்கிறான். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஏன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

இந்தக் கதையை அவர் எடுத்தது ராபர்ட் கிரீன் 1588ல் வெளியிட்ட 'பாண்டோஸ்டோ'விலிருந்து. ஷேக்ஸ்பியரைத் திமிர்பிடித்த காக்கா என்று திட்டியவர் என்று அறியப்படும் அதே கிரீன். அவர் கதையில் ராணி உண்மையாகவே செத்துப்போகிறாள், கடைசியில் ராஜாவும் தற்கொலை செய்துகொள்கிறான். ஷேக்ஸ்பியர் அவளைத் திருப்பிக் கொண்டு வந்தார். மாமில்லியஸ் மட்டும் வரவில்லை. கடைசிக் காட்சியில் எல்லாரும் கட்டிப் பிடித்துக்கொள்ளும்போது அந்தப் பையனை யாராவது நினைக்கிறார்களா? அதனால்தான் என்னால் இதை மகிழ்ச்சியான முடிவு என்று சொல்ல முடிவதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப இதற்குத்தான் போகிறேன்.

சும்மா வந்தவன்:

கரடி துரத்த ஒருத்தர் மேடையை விட்டு ஓடுவாரே, அது இந்த நாடகம்தானே? இந்த ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

மாடி வீட்டு மல்லிகை:

இதேதான். குழந்தையைக் காட்டில் விடப் போன அன்டிகோனஸைத்தான் கரடி துரத்துகிறது, தின்றும் விடுகிறது. அவர் பாலினாவின் புருஷன் என்பதையும் கவனியுங்கள். ராஜாவின் புத்தி கெட்டுப் போனதற்கு அவளும் விலை கொடுத்திருக்கிறாள்.

மேடைக்கு இடப்பக்கம்:

மல்லிகை மேடம், உங்கள் ஆத்திரத்துக்கு நாடகத்திலேயே ஒரு ஆதாரம் இருக்கிறது. சிலையிலிருந்து இறங்கிய பிறகு ஹெர்மையனி ஒரே ஒரு முறைதான் பேசுகிறாள். தெய்வங்களை அழைத்து மகளுக்கு ஆசி கேட்கிறாள், நீ எங்கே இருந்தாய், எப்படி வளர்ந்தாய் என்று அவளிடம் விசாரிக்கிறாள். உன்னைப் பார்ப்பதற்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்கிறாள். புருஷனைக் கட்டி அணைக்கிறாள், மற்றவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. அந்த அணைப்பை நடிகை எப்படிச் செய்கிறாள் என்பதில்தான் முடிவு இருக்கிறது. கை எவ்வளவு நேரம் அவன் முதுகில் இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது. வசனம் எழுதாமல் விட்டதும் அவர் எழுத்துதான் என்பேன்.

கரிசல்காட்டுக்காரி:

அப்படிப் பார்த்தால் 'கோரியோலேனஸ்' ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமாபுரியை எரிக்க வந்து நிற்கும் மகனிடம் அம்மா வலம்னியா பக்கம் பக்கமாகப் பேசுவாள். அவன் பதில் சொல்வதற்கு முன்னால் அச்சில் ஒரு குறிப்பு: 'அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான், மௌனமாக.' அவ்வளவுதான். ரோம் தப்பித்தது, அவன் செத்தான். மற்றபடி அந்த நாடகம் எனக்கு ஒட்டவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பிந்தி வந்துவிட்டேன், ஆனால் இதில் கதைக்காமல் இருக்க ஏலாது.

முதலில் ஊர்ப்பெருமை ஒன்று. எங்கள் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926ல் 'மதங்க சூளாமணி' என்று நாடக இலக்கண நூல் எழுதினார். அதில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்து, மெய்ப்பாடும் சுவையும் எப்படி அமைந்திருக்கிறது என்று நம்முடைய முறையிலேயே ஆராய்கிறார். சென்னையில் அதற்கு முன்பே பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கி மேடையேற்றிவிட்டார். வெள்ளைக்காரன் திணித்தது என்று சும்மா வந்தவன் தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இவர்கள் இருவரும் பரீட்சைக்காக அதைச் செய்யவில்லை, ஆசையோடு தங்கள் வீட்டுக்குள் கூட்டி வந்தார்கள்.

சரி, என் நாடகம் 'மெஷர் ஃபார் மெஷர்'. வியன்னாவில் ஏஞ்சலோ என்று ஒரு கண்டிப்பான அதிகாரி. கல்யாணத்துக்கு முன் காதலியைக் கர்ப்பமாக்கிய கிளாடியோவுக்கு மரண தண்டனை கொடுக்கிறான். தங்கை இசபெல்லா, கன்னியர் மடத்தில் சேரவிருந்தவள், அண்ணனுக்காகக் கெஞ்ச வருகிறாள். நீ என்னோடு படுத்தால் அண்ணனை விடுகிறேன் என்கிறான். ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவேன் என்று அவள் கத்துகிறாள். அவன் அமைதியாகக் கேட்கிறான்: "யார் உன்னை நம்புவார்கள், இசபெல்லா?" 1604ல் ராஜாவுக்கு முன்னால் நடித்த நாடகம். அந்தக் கேள்வி இன்றைக்கும் எத்தனை கந்தோர்களில் கேட்கப்படுகிறது என்று பெண்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் நான் உயிரை விடுவது பார்னர்டைனுக்கு. மறியலில் ஒன்பது வருடமாகக் கிடக்கும் குடிகாரக் கைதி. கிளாடியோவின் தலைக்குப் பதிலாக வேறொரு தலையை ஏஞ்சலோவுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு இவனைத் தெரிவு செய்கிறார்கள். சாமியார் வேஷத்தில் இருக்கும் நாட்டின் பிரபுவே வந்து, மகனே, சாவுக்கு ஆயத்தமாகு என்கிறார். "ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறேன். இன்றைக்குச் சாக எனக்கு வசதிப்படாது. யார் சொன்னாலும் சாக மாட்டேன், சத்தியம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் திரும்பிப் போய்விடுகிறான்! ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லவேளையாக அன்று காலையில் ஒரு கடற்கொள்ளையன் காய்ச்சலில் இறந்திருந்தான், அவனுடைய தலையை அனுப்புகிறார்கள். கதைக்கு பார்னர்டைன் தேவையே இல்லை. அந்தக் கொள்ளையன் தலையே போதும். அவனைச் சாகடிப்பதற்காக எழுதத் தொடங்கி, எழுத எழுத மனம் வரவில்லையோ என்று எனக்குத் தோன்றும். சரியான பகிடி, ஆனால் பகிடி மட்டும் இல்லை.

ராத்திரி ஷிஃப்ட்:

ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்கு வாயைத் திறக்கிறேன். ஆங்கிலம் எனக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் வரும். பழைய ஆங்கிலம் பார்த்தால் பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேடைக்கு இடப்பக்கம்:

தம்பி, புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். பார்க்க எழுதியதைப் பார்ப்பதுதான் முறை. பிபிசி 1978லிருந்து 1985 வரை 37 நாடகங்களையும் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தது. சில மகா மந்தமாக இருக்கும், சில நன்றாக இருக்கும். லண்டனில் 1997ல் திறந்த புதிய குளோப் அரங்கத்தின் பதிவுகளும் உண்டு. அங்கே ஜனங்கள் நின்றுகொண்டு பார்ப்பதும் சிரிப்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், அதுவே பாதி அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்துவிடும். ஆங்கில எழுத்தை அடியில் ஓட விட்டுப் பாருங்கள். பிடித்த காட்சியை மட்டும் அப்புறம் குறிப்புரையுள்ள பதிப்பில் தேடிப் படியுங்கள்.

முதல் நாடகமாக 'ட்வெல்ஃப்த் நைட்'. மஞ்சள் காலுறை மால்வோலியோ சிரிக்க வைப்பான், கடைசியில் சிரித்ததற்கு வெட்கப்படவும் வைப்பான். அதில் சர் ஆண்ட்ரூ என்று ஒரு அசட்டுப் பணக்காரர் வருவார், எல்லாரும் அவர் காசில் குடிப்பார்கள். நண்பர் தன்னை ஒருத்தி உயிராக நேசிப்பதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும்போது இவர் சொல்வார்: "என்னையும் ஒருத்தி நேசித்தாள், ஒரு காலத்தில்." அடுத்த பேச்சே, வீட்டிலிருந்து இன்னும் பணம் வரவழை என்று நண்பர் சொல்வது. அந்த ஒருத்தி யார் என்று யாரும் கேட்பதில்லை.

கரிசல்காட்டுக்காரி:

நான் அதற்குப் பதிலாக 'ஒதெல்லோ' என்பேன். கதை நேர்கோட்டில் ஓடும், தொலைந்து போக வழியில்லை. நான்காம் அங்கத்தில் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவும் அவள் தோழி எமிலியாவும் தனியாக இருக்கும் காட்சிக்காகக் காத்திருங்கள். பெண்டாட்டிகளுக்கும் கண்ணும் மூக்கும் நாக்கும் உண்டு, இனிப்பும் புளிப்பும் தெரியும் என்று எமிலியா சொல்வாள். இயாகோவின் மனைவி வாயிலிருந்து அது வருவதுதான் அழகு.

ராத்திரி ஷிஃப்ட்:

இருவருக்கும் நன்றி. ஆண்ட்ரூவில் ஆரம்பிக்கிறேன்.

மேடைக்கு இடப்பக்கம்:

தேரடி அண்ணன் நாடகத்துக்கு என் பங்கு ஒன்று. இரண்டாம் பாகம் 1600ல் அச்சானபோது, கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு காட்சியில், காவலன் நுழைகிறான் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிங்க்லோ நுழைகிறான்' என்று இருக்கிறது. சிங்க்லோ பாத்திரம் இல்லை, அந்தக் குழுவில் இருந்த நடிகர்! எழுதும்போதே அந்த ஆளை மனதில் வைத்து அவர் பெயரையே போட்டிருக்கிறார், அச்சகம் அப்படியே அடித்துவிட்டது. காட்சியைப் படித்தால் ஏன் என்று தெரியும். கைதாகும் பெண்கள் இருவரும் அந்தக் காவலனை எலும்புக்கூடே, ஒல்லிப் பிசாசே என்று வெளுத்து வாங்குகிறார்கள். குழுவில் ஒரு ஈர்க்குச்சி நடிகர் இருந்தார், அவருக்கென்று தைத்த சட்டை அது. எங்கள் குழுவிலும் எழுத்தாளர் இதையேதான் செய்கிறார்.

மட்டக்களப்பு வாவிக்கரை:

மேடைத் தம்பியிடம் ஒரு கேள்வி. மெஷர் ஃபார் மெஷர் முடிவில் பிரபு இசபெல்லாவிடம் என்னைக் கட்டிக்கொள் என்கிறார். அவளுக்கு வசனமே இல்லை. மேடையில் அதை என்ன செய்கிறார்கள்?

மேடைக்கு இடப்பக்கம்:

ரொம்ப காலம் அவள் சந்தோஷமாகக் கையைக் கொடுத்துவிடுவாள், அதுதான் வழக்கம். 1970ல் ஜான் பார்ட்டன் இயக்கியபோது அவள் பதில் சொல்லாமல் தனியாக மேடையில் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது யாருக்கும் சுலபமில்லை. அதே நாடகத்தில் இன்னொரு மௌனமும் உண்டு. ஏஞ்சலோவின் உயிருக்காக இசபெல்லா மண்டியிட்டுக் கெஞ்ச வேண்டிய இடம். 1950ல் புரூக் தன் நடிகை பார்பரா ஜெஃபர்டிடம், சபை இனி தாங்காது என்று உனக்குத் தோன்றும்வரை நில், அப்புறம் மண்டியிடு என்றாராம். ஒவ்வொரு இரவும் நீளம் மாறும். நான் விளக்குப் பலகையில் இருந்தால் அந்த நேரம் முழுக்க விரல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

சும்மா வந்தவன்:

ஷாலோ காட்சியைப் படித்தேன். ஒரு காட்சி என்று ஆரம்பித்து மிச்சத்தையும் படித்துவிட்டேன், கிண்டல் செய்ய வேண்டாம். ஒரு கேள்வி. ஃபால்ஸ்டாஃப் அந்தக் கிழவரிடம் ஆயிரம் பவுண்டு வாங்கினாரே, அது என்ன ஆச்சு? திரும்பி வந்ததா?

தேரடி வாசகன்:

அங்கேதான் நானும் வருவேன் என்று நினைத்தேன். புது ராஜா தெருவில் வைத்து, "கிழவா, உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போகிறான். வாழ்நாள் முழுக்க வாயாலேயே பிழைத்த மனுஷன் ஃபால்ஸ்டாஃப். அந்த அடிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு: "ஷாலோ, உங்களுக்கு நான் ஆயிரம் பவுண்டு தர வேண்டும்." அழுகை இல்லை, வசை இல்லை, கடன் கணக்கு. ஷாலோவும், ஆமாம், அதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டுமே என்கிறார். அப்புறம் பாதியாவது கொடு, ஐந்நூறு என்று பேரம் பேசுகிறார். ராத்திரி ராஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்புவான் பாருங்கள் என்று ஃபால்ஸ்டாஃப் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே தலைமை நீதிபதி ஆட்களோடு வந்து எல்லாரையும் சிறைக்குக் கொண்டு போகிறார். பணம் போனது போனதுதான்.

ஆர்சன் வெல்ஸ் 1965ல் இரண்டு பாகத்தையும் கலந்து 'சைம்ஸ் அட் மிட்நைட்' என்று படம் எடுத்து ஃபால்ஸ்டாஃபாக நடித்தார். படம் ஆரம்பிப்பதே அவரும் ஷாலோவாக நடித்த ஆலன் வெப்பும் பனியில் நடந்து வந்து நெருப்பின் முன் உட்காருவதில்தான். அடுத்து அதைப் பாருங்கள். கரிசல்காட்டு அம்மணிக்கும் ஆட்சேபம் இருக்காது, ஹாட்ஸ்பரும் அதில் இருக்கிறான்.

கரிசல்காட்டுக்காரி:

ஆட்சேபம் இருக்கிறது. ஹாட்ஸ்பருக்கு நேரம் குறைவு.